பவுனுக்கு வார் கட்டிய பன்னிரண்டு நாள்

முடி கருகும் வாசம் எங்கிருந்து வந்தாலும் நான் இன்றைக்கும் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது என் பேத்தி ஏதோ ஒரு சூடான கருவியால் தலைமுடியை இழுத்து இழுத்து நேராக்குவாள்; அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "பாட்டிக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்பாள். உண்மைதான், நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பள்ளிக்கூடத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். அப்படிப்பட்ட நான் ஒன்பது வயதில் ஒரு குதிரையின் வயிற்றுக்கடியில் கையை விட்டு வார் கட்டினேன் என்றால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு வடசேரியில், சந்தைக்குப் பின்புறம் போகிற மண்ரோட்டில் இருந்தது. அப்பா குதிரைவண்டி ஓட்டினார். சுசீந்திரம், கொட்டாரம், ஆள் கிடைத்தால் கன்னியாகுமரி வரைக்கும் போய்விட்டு வருவார். எங்கள் குதிரை செவலை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை. வெயிலில் நின்றால் அவள் மேல் மினுங்கும் என்பதால் "பவுனு" என்று பெயர் வைத்திருந்தோம். வீட்டில் யாரும் அவளை "அது" என்று சொன்னதில்லை.

அப்போது அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு, ஊரெல்லாம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதான் வயிற்றை நிரப்பியது. அம்மா கிழங்கின் தோலை உரித்து ஒரு கடவப் பெட்டியில் சேர்த்து வைப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப்போய் அவித்து மாட்டுக்கு வைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தபோது பவுனு கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தக் கடவத்தைப் பாதி காலி செய்திருந்தாள். பச்சைத் தோல், அத்தனையும் விஷம். சற்று நேரத்தில் வயிறு ஊதிவிட்டது. படுப்பாள், உருளுவாள், எழுந்து திரும்பித் தன் விலாவையே பார்ப்பாள். மிருக ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை அடைத்திருந்தது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சித்தப்பாவை அனுப்பி மாட்டு வைத்தியரைக் கூட்டி வரச் சொன்னார்.

வைத்தியர் நல்ல கைராசிக்காரர்தான், ஆனால் ஆயுசில் மாட்டைத் தவிர வேறொன்றுக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. இஞ்சியும் பெருங்காயமும் கரைத்து மூங்கில் குழலால் புகட்டினார். இறங்கவில்லை. "சூடு போடணும்" என்றார். அம்மா அடுப்பில் கரியைப் போட்டு ஊதினாள், அப்பாவும் சித்தப்பாவும் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். இரும்புக் கம்பி சிவப்பதைப் பார்த்தேனோ இல்லையோ, நான் ஓட்டம் பிடித்து அடுத்த வீட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். அப்படியும் பவுனு கத்தியது கேட்டது. குதிரை அப்படிக் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் கழித்துத்தான் அந்த வாசம் வந்தது.

வாயு இறங்கியது. இரும்பால் இறங்கியதோ, இஞ்சியால் இறங்கியதோ, யார் கண்டது. மறுநாள் பவுனு தண்ணீர் குடித்தாள், நான்காம் நாள் புல் கடித்தாள். "மாட்டுக்கு எறங்குதுல்லா, குதிரைக்கு எறங்காதா?" என்று வைத்தியர் எங்கள் வாசலைக் கடக்கிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் சூடு போட்டது மாட்டுக்குப் போடுகிற இடத்தில், முன்னங்காலுக்குப் பின்னால் இடது விலாவில், இரண்டு கோடு. மாட்டுக்கு அது பொருத்தமான இடம்தான். மாடு பாரத்தைக் கழுத்தில் வாங்குகிறது, விலாவில் எதுவும் உரசாது. வண்டிக் குதிரைக்கு அப்படியில்லை. முதுகில் சேணம் வைத்து, அது நழுவாமல் வயிற்றைச் சுற்றித் தோல் வாரை இறுக்கிக் கட்டியாக வேண்டும். அந்த வார் போகிற இடமும் அந்த இரண்டு கோடும் ஒன்றேதான். இருபது வருஷமாகத் தினமும் அந்த வாரைக் கட்டுகிற அப்பாவுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

புண் ஆற ஒரு மாதம் ஆனது. அதுவரை சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்களிடம் குதிரை இரவல் வாங்கி அப்பா வண்டி ஓட்டினார். புண் ஆறி, முடி முளைக்காத இரண்டு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியபின் ஒருநாள் காலையில் சேணத்தைத் தூக்கி வைத்து, வாரை வயிற்றுக்கடியில் விட்டு அந்தப் பக்கத்தால் எடுத்து இழுத்தார். பவுனு உடனே ஒன்றும் செய்யவில்லை. ஒரு மூச்சு நேரம் கல்லாக நின்றாள், பிறகு தலையைத் திருப்பி அப்பாவின் தோளைக் கவ்வி, அப்படியே தூக்கிப் போட்டாள். எங்களோடு ஆறு வருஷம் இருந்தவள், நான் வாய்க்குள் கைவிட்டு வெல்லம் கொடுத்திருக்கிற குதிரை. தோளில் இருந்து ரத்தம் வடிய அப்பா தரையில் கிடந்தார்.

அப்பா விட்டுவிடுகிற ஆளில்லை. மறுநாள் கண்ணைக் கட்டிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் மூக்கில் கயிறு முறுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முந்தின நாளைவிட மோசமானது. கடைசியில் வண்டியின் முன்பக்கத்து மரக்கை ஒன்று உதைபட்டு முறிந்தது. அதற்குமேல் அப்பாவைக் கண்டாலே, கண்டாலென்ன, ரோட்டில் அவர் குரல் கேட்டாலே பவுனுக்கு உடம்பெல்லாம் நடுக்கம் எடுத்தது. அம்மா பக்கத்தில் போனாலும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் சர்க்கஸ் வந்து இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்து மைதானத்தில் கூடாரம். மாலை மங்கும்போதும் காலையில் பால்காரன் வரும் நேரத்திலும் சிங்கம் உறுமும். எங்கள் வீட்டு ஓடு அதிர்கிற மாதிரி இருக்கும். ஒரு திங்கட்கிழமை சர்க்கஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து பவுனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரக் கடைசியில் கூடாரத்தைப் பிரிப்பதாகவும், அந்தச் சனிக்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோக ஆளோடு வருவதாகவும் சொல்லிப் போனார். பவுனுக்கு வளையத்துக்குள் ஓடக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். சித்தப்பாதான் சிரித்தார். "இந்த வயசில ஓடப் படிக்கவா? சிங்கத்துக்கு எரை வேண்டாமா மக்கா?"

அன்று மாலை சிங்கம் உறுமியபோது நான் கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். கொட்டிலில் இருந்து பவுனு பதறிக் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. அப்பா முற்றத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். "எனக்க கையாலதான் சூட்டுக்குப் பிடிச்சுக் குடுத்தேன். இனி எனக்க கையாலயே கொண்டு விட்டுட்டும் வரணும்" என்று சொன்னார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்த நாட்களிலெல்லாம் பவுனுக்குப் புல்லும் தண்ணீரும் வைத்தது நான்தான். கழியால் புல்லைத் தள்ளிவிட்டு ஓடி வருவேன். மறுநாள் காலையில் அப்படித் தள்ளும்போது அவள் கழியைத் தாண்டி மூக்கை நீட்டி என் தலைமுடியை மோந்தாள். நான் உறைந்து நின்றேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் அப்பாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இஞ்ச பாருங்க. அவளுக்கு எல்லாரையும் ஓர்ம இருக்கு. நீங்களும் ஒங்க தம்பியும் கயித்தப் பிடிச்சீய, நான் தீ ஊதினேன். இந்தப் பிள்ளை மட்டுந்தான் அங்க நிக்கல்ல."

"அதுக்கு இவளையா கட்டச் சொல்லுக? பல்லியக் கண்டா அவயம் போட்டுக் கத்துக பிள்ளை."

"அப்படிப் பயந்து பேடிச்சுதான அண்ணைக்கு ஓடினா. வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

நான் ஓடிப்போனதால் எனக்கு வந்த கதியைப் பாருங்கள். வீட்டில் தைரியசாலிகள் எல்லோரும் குதிரைக்கு ஆகாதவர்கள் ஆகிவிட, அவளிடம் போகத் தகுதியாக மிஞ்சியது நான் ஒருத்தி. மாட்டேன் என்று அழுதேன், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அப்பா அந்த யோசனையை அன்றே விட்டுவிடலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். ஆனால் காலையில் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியிருந்த சிங்கம் அந்த நேரம் பார்த்து மறுபடி உறுமியது. எந்தப் பயம் பெரிசு என்று அந்த வயதில் நான் யோசித்து முடிவெடுத்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அழுதுகொண்டே போனேன், அவ்வளவுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து பன்னிரண்டாவது நாள் அந்தச் சனிக்கிழமை.

வேலை நடந்த விதம் இப்படி. நான் கொட்டிலுக்குள். அம்மா பத்தடி தள்ளி முற்றத்தில். அப்பா கொட்டிலின் மண்சுவருக்கு அந்தப் பக்கம், பவுனு கண்ணில் படாமல். தன் குரல் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவர் அம்மா காதோடு சொல்லுவார், அம்மா எனக்குச் சொல்லுவாள். முதல் நாள் ஊறவைத்த காணம், அதாவது கொள்ளு, ஒரு கை கொடுத்துவிட்டு, வெந்நீரில் பிழிந்த துவர்த்துத் துண்டால் கழுத்தைத் துடைப்பது மட்டும்தான். இரண்டாம் நாள் தோள். மூன்றாம் நாள் தோளுக்குக் கீழே இறங்கினேன். அவள் காது பின்னால் போனது, தோல் சிலிர்த்து ஓடியது, நான் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன்.

"ஓடாத மக்கா" என்றாள் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு வந்து மீதியைச் சொன்னாள். "துள்ளும்போ கையை எடுத்தா, துள்ளினா விட்டுருவாங்கன்னு அவ படிச்சுக்கிடுவாளாம். பைய வச்சுக்கிட்டே நில்லு. அவ அடங்கின பொறவு எடு."

சொல்வது லேசு. நாலாம் நாளும் ஓடினேன், ஐந்தாம் நாளும் ஓடினேன். துவர்த்து அந்த இரண்டு கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் போனால் போதும், பின்னங்கால் தரையை விட்டு எழும்பும், நான் வாசலில் நிற்பேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் அவளுக்கு நான் துள்ளக் கற்றுக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கால் கேட்கவேண்டுமே. அப்பா சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய கம்பளியைக் கிழித்து வாருக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். தழும்பில் படாதபடி வாரை நான்கு விரல்கடை பின்னால் தள்ளிக் கட்டுவதற்குச் சேணத்திலும் தோலை வெட்டி ஒட்டுப் போட்டார்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை. துவர்த்தை நீளமாகப் பிடித்து வயிற்றுக்கடியில் விட்டு, இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடிக்கவேண்டும். பிடித்தேன். சரியாக அப்போது மைதானத்தில் சிங்கம் உறுமியது. பவுனு பக்கவாட்டில் பாய்ந்து என்னைச் சுவரோடு சேர்த்து நெருக்கினாள். மூச்சு நின்றது. என் முகம் அவள் விலாவில் அழுந்தியிருந்தது, அந்த வெள்ளைக் கோடு என் கன்னத்துக்கு நேரே. அவள் உள்ளுக்குள் நடுங்குவது என் எலும்புக்குத் தெரிந்தது. பாவாடை நனைந்து காலோடு வழிந்தது, அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கை அகலத்தில், அப்பா மூச்சு விடுவது கேட்டது. அவர் உள்ளே வந்தால் அவள் என்னை நசுக்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வரவில்லை.

நான் துவர்த்தை விடவில்லை. தைரியத்தால் அல்ல, விரல் விறைத்துப்போய் விரிக்க வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. துள்ளினாள், துணி போகவில்லை. மறுபடி துள்ளினாள், அப்போதும் போகவில்லை. ஆனால் சுடவும் இல்லை. மூன்றாவது தடவை துள்ள ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள், அவள் வயிறு என் கையில் தளர்ந்தது. ஒரு எட்டு தள்ளி நின்றாள். அதன்பிறகுதான் என் விரல் விரிந்தது. வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அன்று சாப்பிடாமலே தூங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் துணிக்கு நின்றாள். துணிக்குப் பிறகு கம்பளி சுற்றிய வார், பூட்டாமல் சும்மா தொங்கவிட்டு. அதன்பிறகு கொக்கி. இரும்புக் கொக்கி கிணுங்கினால் அவள் கண் வெளுத்துவிடும் என்பதால் கொக்கிக்கும் கந்தல் சுற்றினோம். ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. ஒரு ஓட்டை இறுக்கி, முற்றத்தில் ஒரு சுற்று நடத்தி, காணம் கொடுத்து, அடுத்த ஓட்டை. என் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயத்தோடேயே குனியப் பழகிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் சர்க்கஸ்காரர் இரண்டு ஆளும் ஒரு கயிறுமாக வந்தார். மலபார்ப் பக்கத்து ஆள், நல்ல மரியாதைக்காரர். அவர் வரும்போது நான் சேணத்துக்குக் கீழே குனிந்து மூன்றாவது ஓட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். நான் பவுனைப் பிடித்து முற்றத்தில் நடத்தி, அப்பா சரிசெய்து வைத்திருந்த வண்டியின் மரக்கைகளுக்கு நடுவில் பின்னால் நடத்தி நிறுத்தினேன். மரக்கையின் பூட்டு இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் மாட்டியது.

"நடக்கணுண்டல்லோ" என்றார் அவர், சுவருக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்து. "நடக்கண குதிரை ஞங்களுக்கு வேண்டா."

வண்டியில் பூட்டி நடக்கிற குதிரையை அவர்கள் இரைக்கு எடுப்பதில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று அந்தச் சிங்கத்துக்கு எங்கேயோ ஒரு வீட்டிலிருந்து வேறொரு குதிரை போயிருக்கும். அதை நினைத்து எனக்கு அன்றைக்குத் துக்கமே வரவில்லை, நம்முடையது இல்லை என்கிற ஆறுதல்தான் இருந்தது.

பவுனு பிழைத்தாள், ஆனால் அப்பாவுக்கு அவள் திரும்பக் கிடைக்கவில்லை. நான் வார் கட்டி முடிக்கும்வரை அவர் சுவருக்குப் பின்னால் நிற்பார். கண்ணுக்கு இருபுறமும் மறைப்புத் தோல் மாட்டியபின், அவள் பார்வைக்கு எட்டாமல் பின்பக்கமாக வந்து சத்தமில்லாமல் வண்டியில் ஏறுவார். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் வாரைக் கட்டுவதும் மாலையில் வந்து அவிழ்ப்பதும் நான். முன்பெல்லாம் சவாரி முழுக்கக் குதிரையிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிறவர், குரல் கேட்டால் அவள் நடுங்குகிறாள் என்று வண்டியில் ஏறினால் வாயே திறப்பதில்லை. நாக்கைத் தட்டி ஒரு சத்தம், கடிவாளத்தில் ஒரு சுண்டு, அவ்வளவுதான். ஆள் ஏறி எந்த ஊர் என்று சொன்னால் தலையை ஆட்டுவார். கொட்டாரம் வரைக்கும் எட்டு ஒன்பது மைல், ஒரு வார்த்தை கிடையாது. சந்தையில் புதிதாக வருகிறவர்கள் அவரை "ஊமை வண்டிக்காரன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். ஐந்து வருஷம் அப்படி ஓட்டினார்.

எங்கள் ஜில்லா திருக்கொச்சி ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்து மழையில் பவுனு செத்துப்போனாள். நோய் ஒன்றுமில்லை, வயது. காலையில் நான் காணத்தை எடுத்துக்கொண்டு போனபோது படுத்த வாக்கில் குளிர்ந்து கிடந்தாள். அழுதுகொண்டே வந்து சொன்னேன். அப்பா எழுந்து, வழக்கம்போலச் சுவருக்குப் பின்னால் போகாமல், நேரே கொட்டில் வாசலால் உள்ளே போனார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவள் விலாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த இரண்டு கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். சண்டை போடுவது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை. சவாரியில் பேசுகிற அந்தப் பழைய பேச்சு. நான் உள்ளே போகப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாத மக்கா. அவரு பேசட்டு" என்றாள். மழைச் சத்தத்தில் எங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. குழி தோண்ட ஆட்கள் வந்து காத்து நின்றார்கள், அப்போதும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

வடசேரியில் குதிரைவண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. எங்கள் கொட்டில் இருந்த இடத்தில் ஒருவர் கைப்பேசி பழுது பார்க்கிறார். சூடு போடுகிற வைத்தியரும் இல்லை, சூடு வாங்குகிற குதிரையும் இல்லை. நல்லதுதான், அதற்காக நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. பவுனு போனபின் அப்பா இன்னும் பதினெட்டு வருஷம் எங்களோடு இருந்தார், எவ்வளவோ பேசினார். அன்று காலையில் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.